கவரைப் போடுறதா, கழட்டுறதா? படுவான்கரையில் கேட்ட ஒரு சின்னச் சண்டையின் வரலாறு

வேளாண்மை வெட்டு முடிந்த ஒரு சனிக்கிழமை. வாய்மொழி வரலாற்றுப் பாடத்தின் ஒப்படைக்காக நாங்கள் நாலு பேர் மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனோம். கையில் ஒரு கேள்விக்கொத்து, பதிவு செய்ய ஒரு போன், அதில் அரைவாசிச் சார்ஜ். சந்திக்கப் போனவர், முன்பு சில வருசம் மிதிவெடி அகற்றும் வேலை செய்த ஒரு அக்கா. பெயரும் ஊரும் போட வேண்டாம் எண்டு முதலே சொல்லிட்டார். அதனால் இங்கே அவர் வெறும் 'அக்கா'தான்.

எங்கட கேள்விகள் எல்லாம் பெரிய கேள்விகள். பயமா இருக்கலையா? முதல் மிதிவெடியைக் கண்டது எப்ப? வீட்டில என்ன சொன்னாங்க? அக்கா எல்லாத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் பல பேருக்குச் சொல்லிச் சலித்த பதில்கள் எண்டு எங்களுக்கே விளங்கிச்சு. தேத்தண்ணி வந்த நேரம் எங்களில் ஒருத்தி சும்மா கேட்டாள்: "வேலை செய்யிற இடத்தில உங்களுக்குள்ள சண்டை ஒண்டும் வாறல்லயா அக்கா?"

அக்காவுக்கு உடனே முகம் மாறி ஒரு சிரிப்பு. "வராமலா? பெரிய சண்டையே கவரப் பத்தித்தான்."

எங்களுக்கு விளங்கவில்லை. என்ன கவர்?

"டிடெக்டருக்கு அடியில வட்டமா ஒரு தட்டு இருக்கும் தங்கச்சி, அதுக்குள்ளதான் கொயில். அந்தத் தட்டுக்குக் கீழ போடுற பிளாஸ்டிக் மூடி. போடத்தான் வேணும் எண்டு ஒரு கூட்டம். அதப் போட்டா ஒருநாள் ஆள் போயிரும் எண்டு இன்னொரு கூட்டம். சோறு தின்னுற நேரமெல்லாம் இதே கதைதான்."

அதுக்குப் பிறகு ஒண்டரை மணித்தியாலம் நாங்கள் கேள்விக்கொத்தைத் திறக்கவே இல்லை. இந்தக் கட்டுரை அங்கே தொடங்கினது.

எங்களுக்கு இதில் என்ன வேலை?

வெளிமாவட்ட ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்குது. கடல் பக்கம், சூரியன் எழுகிற கரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரை படுவான்கரை. வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் கூடுதலாக அந்தப் பக்கம். 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் மண்முனைத் துறையில் படகுப்பாதையில்தான் கடக்க வேணும். போர்க்காலத்தில் ஒரு கரையில் ஒரு தரப்பும் மறு கரையில் மற்றத் தரப்பும் எண்டு வருசக்கணக்காக இருந்தது. முகாம்களைச் சுற்றி, காவலரண்களுக்கு முன்னால், அணைக்கட்டு ஓரம், காட்டுப்பாதை எண்டு இரண்டு பக்கமும் மிதிவெடி விதைச்சாங்க. 2007 ஜனவரியில் வாகரை, அந்த ஜூலையில் குடும்பிமலை எண்டு இராணுவம் பிடிச்ச பிறகு கிழக்கில் சண்டை முடிஞ்சுது. மண்ணுக்குள் இருந்ததுக்கு அது தெரியாது.

எங்களில் ஒருவரின் அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி படுவான்கரையில் ஒரு வட்டைக்குள் இருக்கு. சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு, மஞ்சள் நாடா கட்டி, அந்தப் பக்கம் சில வருசம் ஒருத்தரும் போகவில்லை. பிறகு சுத்தம் செய்து கொடுத்தார்கள். இப்ப ஒவ்வொரு மாரிப் போகமும் விதைக்கிறார்கள், வெட்டுகிறார்கள். ஆனாலும் வரம்போரப் பற்றைக்குள் இறங்க அம்மா இன்னும் விடமாட்டா. "கிளியர் பண்ணிட்டாங்கதானே அம்மா" எண்டால், "ஓம், மெசின் சொன்னதுதானே" எண்டு ஒரு பதில்.

அந்த மெசின் சொன்னதை எவ்வளவு நம்பலாம்? நாங்கள் இதைக் கேட்டே பார்த்ததில்லை. அக்காவின் கவர்ச் சண்டையைக் கேட்ட பிறகுதான், எங்கட கேள்விக்குள் இருந்த கேள்வியும் இதுதான் எண்டு பிடிபட்டுது.

கட்டிலுக்குள் இருந்த கம்பி

டிடெக்டரின் கதை போர்க்களத்தில் தொடங்கவில்லை, ஒரு நோயாளியின் கட்டிலில் தொடங்குது. 1881 ஜூலை 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். ஒரு சன்னம் உடம்புக்குள் நிண்டுவிட்டது. எங்கே எண்டு தெரியாது. எக்ஸ்ரே அப்ப கண்டுபிடிக்கப்படவே இல்லை. தொலைபேசிக்குப் பெயர்போன அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். மின்சாரம் ஓடும் கம்பிச் சுருளை உடம்புக்கு மேலே கொண்டுபோனால், உலோகம் இருக்கும் இடத்தில் காதுக்குழாயில் சத்தம் வர வேணும். வெளியே சோதிச்ச நேரம் நல்லா வேலை செய்தது. ஜனாதிபதியின் கட்டிலில் வைத்துப் பார்த்தால் எங்கே வைத்தாலும் குழப்பமான சத்தம். மெத்தைக்குள் இரும்புச் சுருள் வில்லுகள் இருந்ததைப் பிறகுதான் அறிந்தார்கள். அதோடு, சன்னம் வலது பக்கம்தான் எண்டு நம்பின வைத்தியர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் தேட விட்டார். செப்டெம்பர் 19ஆம் திகதி கார்ஃபீல்ட் இறந்தார்.

தேடுகிற பொருளைப் போலவே, பக்கத்தில் என்ன கிடக்குது எண்டதும் கருவிக்கு முக்கியம். நூற்றிச் சொச்சம் வருசம் கழிச்சு படுவான்கரையில் நடந்த சண்டையும் இதே சாதிதான்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கருவி சிப்பாயின் கைக்கு வந்தது. ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்து இராணுவ அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய கண்ணிவெடி காணும் கருவியை வடிவமைத்தார். 1942இல் எல் அலமைன் சண்டைக்கு முன் அந்தக் கருவிகளில் 500 பிரித்தானியப் படைக்குப் போய்ச் சேர்ந்தன. அவருடைய குடும்பம் ஜேர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தில் இருந்ததால் அவரின் பெயரை வெளியே விடவில்லை. உயிர் காக்கும் வேலையைச் செய்த ஒருவருக்குப் பெயர் இல்லை எண்டதை வாசிச்ச நேரம் எங்களுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

கருவி வந்தவுடனே மறுபக்கம் பதில் சொன்னது. ஜேர்மன் படை மரப்பெட்டியில் மிதிவெடி செய்தது, கண்ணாடியிலும் செய்தது. உலோகம் குறைந்தால் கருவிக்குக் கேட்காது. அந்த நாளிலிருந்து போட்டி இப்படித்தான்: வெடி செய்கிறவர் உலோகத்தைக் குறைப்பார், தேடுகிறவர் கருவியின் காதைக் கூர்மையாக்குவார்.

எங்கட மண்ணுக்குள் கிடந்தது

இந்தப் போட்டியின் கடைசி அத்தியாயங்கள் சில இலங்கையில் எழுதப்பட்டன. இராணுவம் பயன்படுத்தினவற்றில் பாகிஸ்தானில் செய்யப்பட்ட பி4 ஒண்டு. பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே மிகக் கொஞ்ச உலோகம். விடுதலைப் புலிகள் தாங்களே செய்தார்கள். மரப்பெட்டியில் செய்தது ஜொனி. அதுக்குள் பற்றரியும் வயரும் இருக்கும் எண்டபடியால் கருவிக்கு ஓரளவு கேட்கும். பிறகு பி4ஐப் பார்த்துச் செய்த ரங்கன் பிளாஸ்டிக். ஆர் விதைச்சது எண்டாலும் மாட்டுப்பட்டிக்காரருக்கும் விறகுக்குப் போன பெண்களுக்கும் கால் ஒண்டுதான்.

"ஜொனி எண்டா கத்தும் தம்பி. பி4 எண்டா முனகும். காதக் குடுத்துக் கேக்கணும்" எண்டார் அக்கா.

அந்த முனகலின் காரணத்தை எங்கட நண்பன் ஒருவன், விஞ்ஞான பீடத்தில் படிக்கிறவன், பேப்பரில் கீறிக் காட்டினான். கொயிலில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது சுற்றிவர ஒரு காந்தப்புலம் உண்டாகும். அது மண்ணுக்குள் இறங்கி உலோகத்தில் பட்டால் அந்த உலோகத்துக்குள் சின்ன மின்சுழல்கள் பிறக்கும். சுழல்கள் தங்கட காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைத்தான் கருவி சத்தமாக்குது. போகும்போதும் புலம் தேயும், திரும்பும்போதும் தேயும். அதனால் தூரம் கொஞ்சம் கூடினாலே பதில் நிறையக் குறையும். ஒரு தகரப் பேணிக்கு மூண்டு மில்லிமீற்றர் கூடினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பி4க்குள் இருக்கும் ஊசி போன்ற துண்டு, கருவியின் எல்லைக்குக் கிட்ட ஆழத்தில் கிடந்தால், அதே மூண்டு மில்லிமீற்றர் கேட்பதுக்கும் கேட்காமல் விடுவதுக்கும் இடைப்பட்ட தூரமாகலாம்.

கவரின் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். இப்ப சண்டை விளங்குதுதானே?

வேணாம் எண்ட கூட்டம்

அக்கா சொன்னதை எங்கட வார்த்தையில் தொகுத்தால், கவர் வேணாம் எண்டவர்களுக்கு மூண்டு காரணம்.

முதலாவது, மேலே சொன்ன தூரம். கொயிலை மண்ணுக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோக ஏலுமோ அவ்வளவு நல்லது. நடுவில் ஒரு தோலைப் போட்டு நாங்களே தூரத்தைக் கூட்டுறதா?

இரண்டாவது, மண். இதில்தான் மட்டக்களப்பு வருது. எங்கட கரையோர மணலில் இல்மனைற் போன்ற கனமான கறுப்புக் கனிமங்கள் கலந்து கிடக்குது. வடக்கே புல்மோட்டையில் அதை அகழ்ந்து ஏற்றுமதியே செய்கிறார்கள். உள்ளே போனால் இரும்புச்சத்துள்ள சிவப்புக் கிறவல். வாவிக்கரையில் உப்பு ஊறின சேறு. உப்புத்தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே அதுவும் கருவியிடம் வாய் திறக்கும். இந்த மண் கவருக்கும் கொயிலுக்கும் இடையில் புகுந்துவிட்டால்? மண்ணில் இருக்கிற வரைக்கும் அது மண். கவருக்குள் போனால் கொயிலோடு கூடவே அசையும், அங்கேயும் இங்கேயும் உருளும், இல்லாத இடத்தில் சத்தம் எழுப்பும். கார்ஃபீல்டின் மெத்தைக் கம்பியை நாங்கள் கையோடு காவிக்கொண்டு திரிகிற மாதிரி.

பொய்ச் சத்தம் வெறும் தொந்தரவு மட்டும் இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலில் இருந்து, கத்தியாலோ சின்ன மண்வாரியாலோ பக்கவாட்டில் மெல்லச் சுரண்டிப் பார்க்க வேணும். நாளுக்கு ஐம்பது தரம் ஒண்டுமில்லாத இடத்தைச் சுரண்டினவருக்கு ஐம்பத்தோராவது தரம் கை அவசரப்படும். "மெசின் பொய் சொல்லுது எண்டு நம்பத் தொடங்கினா முடிஞ்சுது கதை" எண்டார் அக்கா.

மூண்டாவது, மறைப்பு. கவருக்குக் கீழே கொயில் வெடிச்சிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மண் போகக் கூடாது எண்டு சிலர் விளிம்பைச் சுற்றி ரேப் ஒட்டுவார்களாம். அப்ப உள்ளே போன ஈரம் வெளியே வராது. காலையில் பனி, பின்னேரம் வெயில். ரேப்புக்குள் கொயில் அவியும்.

போடத்தான் வேணும் எண்ட கூட்டம்

மற்றப் பக்கத்தின் வாதமும் சும்மா இல்லை. வெட்டின வேளாண்மையின் ஒட்டுத்தாள் ஊசி மாதிரி நிற்கும். கிறவலும் கல்லும் முள்ளும். நாள் முழுக்கக் கொயிலைத் தரையோடு ஒட்டி ஆட்டினால் தட்டின் அடி தேயும். தட்டுக்குள் கம்பிச் சுருளைச் சுற்றி மெல்லிய மின்கடத்தும் பூச்சு ஒண்டு இருக்கும் கருவிகள் உண்டு. ஈரப்புல் தொட்டாலும் கருவி பதறாமல் இருக்க அது கவசம். தேய்ந்து தேய்ந்து அது போனால், அல்லது கீறலால் தண்ணி உள்ளே போனால், கருவி சத்தம் போடத் தொடங்கும். அல்லது அதை விட மோசமாக, சத்தமே போடாமல் மந்தமாகும். கத்துகிற கருவியை எல்லாரும் கவனிப்பார்கள். மெல்லமெல்லச் செவிடாகிற கருவியை ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள்.

கொயில் உடைந்தால் புதுசுக்கு வெளிநாட்டில் இருந்து வர வேணும். வரும்வரை அந்த ஒழுங்கையில் வேலை நிற்கும். வேலை நிண்டால் காணிக்காரர் இன்னொரு போகம் முகாமிலோ சொந்தக்காரர் வீட்டிலோ. தேய்ந்தால் தூக்கி எறியக்கூடிய ஒரு பிளாஸ்டிக் துண்டு தேயட்டும், கொயில் தேயக் கூடாது எண்டதுதான் இவர்களின் வாதம். மூண்டு மில்லிமீற்றர் போனால் போகட்டும். கருவி நாளைக்கும் நேற்றுப் போலவே கேட்க வேணும்.

நாங்கள் நாலு பேரும் அங்கேயே இரண்டாகப் பிரிஞ்சிட்டோம். இரண்டு பேர் கவர் வேணாம், இரண்டு பேர் வேணும். வாழ்க்கையில் டிடெக்டரைத் தொட்டே பார்க்காத நாலு பேர், அக்காவின் முற்றத்தில் இருந்து கொண்டு. அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சொன்னார்: "இப்பிடித்தான் நாங்களும்."

சண்டை எப்படி முடிந்தது?

வாதத்தால் அது முடியவில்லை. ஒரு சின்னத் துண்டால் முடிஞ்சுது.

ஒவ்வொரு நாள் காலையும், வேலைக்கு இறங்க முன், ஒவ்வொருவரும் தங்கட கருவியை ஒரு சோதனைத் துண்டுக்கு மேலே பிடித்துப் பார்க்க வேணும். அந்த இடத்தில் கிடக்கக்கூடிய ஆகக் கடினமான மிதிவெடியின் உலோகத்துக்குச் சமமான துண்டு. குறிச்ச தூரத்தில் சத்தம் தெளிவாக வர வேணும். வராவிட்டால் அந்தக் கருவி அண்டைக்கு வேலைக்குப் போகாது. இடைவேளைக்குப் பிறகு திரும்பவும். கருவியை நிறுத்திப் போட்டால் திரும்பவும்.

அக்காவின் குழுவில் ஒருநாள் மேற்பார்வையாளர் சொன்னாராம்: கவரோடு வேலை செய்கிறவர் கவரோடு சோதிச்சுப் பாருங்க. இல்லாமல் வேலை செய்கிறவர் இல்லாமல் சோதிச்சுப் பாருங்க. ஒரு விதமாகச் சோதிச்சு இன்னொரு விதமாக வேலை செய்ய ஏலாது. நல்ல கவர் போட்ட கருவிகள் குறிச்ச தூரத்தில் கேட்டன. மண் நிறைஞ்ச கவர் போட்ட கருவி ஒண்டு தடுமாறிச்சு. கழட்டிக் கழுவித் துடைச்சுப் போட்டால் அதுவும் கேட்டது. அடி தேய்ந்த ஒரு கொயில் கவர் இல்லாமலே தடுமாறிச்சு.

அதுக்குப் பிறகு அவர்களின் வழக்கம் இது: கவர் போடுறது. ஒவ்வொரு நாளும் வேலை முடியக் கழட்டுறது. மண் தட்டி, நல்லதண்ணியில் கழுவி, துடைச்சுக் காயவிட்டு, கொயிலின் அடியைக் கையால் தடவி வெடிப்பு இருக்கா எண்டு பார்க்கிறது. ரேப் ஒட்டுறதில்லை. காலையில் போட்டுச் சோதிக்கிறது. தேய்ந்த கவரைத் தூக்கி எறியிறது. ஈரச் சேற்றில் வேலை எண்டால் இடையிலும் கழட்டிப் பார்க்கிறது.

"கவர் போட்டதால ஒருத்தரும் சாகல்ல. கவரக் கழட்டிப் பாக்காம விட்டாத்தான் ஆபத்து" எண்டார் அக்கா.

பிறகு நாங்கள் தேடி வாசிச்சதில், உலகம் முழுக்கவும் இந்தப் பக்கம்தான் போயிருக்கு. மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றலுக்கான சர்வதேச நியமங்கள் 2001இல் வந்தன. 2003இல் ஐரோப்பாவில் உலோகங்காணும் கருவிகளைச் சோதிக்கும் முறைக்கெண்டு ஒரு பொது உடன்பாடு உருவானது. கருவியைக் காற்றிலும் வைத்து, மண்ணிலும் வைத்து, எந்தத் தூரம் வரை கேட்குது எண்டு அளக்க வேணும் எண்டு அது சொல்லுது. அந்தத் துறையில் சில மண்ணை 'ஒத்துழைக்காத மண்' எண்டு அழைக்கிறார்கள். கம்போடியாவின் செம்மண் அப்படி. நல்ல கருவி எண்டு விற்பவர் சொன்னால் போதாது. இந்த மண்ணில், இந்தத் துண்டுக்கு, இண்டைக்குக் காலையில் கேட்டதா எண்டதுதான் கேள்வி. இலங்கையில் கருவியை மட்டும் நம்பாமல் மண்வாரியால் மேல்மண்ணை ஒழுங்காக வாரி எடுத்துத் தேடும் முறையும் பரவலாக இருந்தது. பி4 போன்றவை மிக மெல்ல முனகினதும் அதுக்கு ஒரு காரணம்.

பாடத்தில் இல்லாதது

2017 ஜூனில் மட்டக்களப்பு மிதிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. எங்கட குறிப்புக் கொப்பியில் இது இரண்டு வரி. போரைப் பற்றி நாங்கள் படிக்கிறதும் கேட்கிறதும் பெரும்பாலும் திகதிகள்: எப்ப பிடிச்சது, எப்ப விட்டது, எப்ப பேச்சுவார்த்தை, எப்ப முறிஞ்சது. வாகரை 2007 ஜனவரி. குடும்பிமலை 2007 ஜூலை. அதே ஜூலைக்கும் 2017 ஜூனுக்கும் இடையில் பத்து வருசம் இருக்கு. அந்தப் பத்து வருசத்தில் என்ன நடந்தது எண்டு கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

நடந்தது என்னவெண்டால், வெள்ளாப்பில் எழும்பி, கனத்த பாதுகாப்பு அங்கியையும் முகக்கவசத்தையும் போட்டு, ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில் முழங்காலில் இருந்து, நாளுக்குச் சில சதுர மீற்றர் முன்னேறினார்கள். அவர்களில் பெண்கள் பலர். கணவனை இழந்தவர்கள், வீட்டுக்கு உழைக்க வேறு ஆள் இல்லாதவர்கள். 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்த நேரம், தண்ணி வெடிகளை இடம் மாத்தியிருக்குமோ எண்ட பயமும் வந்தது. ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கழட்டிக் கழுவினார்கள். இதை ஒரு தரம் செய்யிறது பெரிய விசயம் இல்லை. வருசக்கணக்காக, அலுக்காமல், ஒருத்தரும் பார்க்காத நேரமும் செய்ததுதான் விசயம். அதன் மொத்தத் தொகைதான் 2017இல் வந்த அந்த ஒரு வரி.

எங்கட பாட ஒழுங்கில் கருவிகளுக்கு இடம் குறைவு. ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றிப் படிக்கிறோம். அதைக் கட்டின கொத்தனின் கையில் என்ன இருந்தது எண்டு படிக்கிறதில்லை. மிதிவெடிக் காலம் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கு. அந்த வேலையைச் செய்தவர்கள் இப்ப தையல் கடையிலும் கச்சான் வறுத்து விற்கிற இடத்திலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். மாவட்டம் சுத்தமானதும் வேலை முடிஞ்சுது. சிலர் வடக்குக்குப் போனார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அக்கா இப்ப கோழி வளர்க்கிறார். கருவியைப் பற்றி அவருக்குத் தெரிஞ்சது எங்கட போனில் ஒண்டரை மணித்தியாலமாகக் கிடக்குது. அவ்வளவுதான் சேர்ந்திருக்கு.

இதில் ஒரு அவசரமும் இருக்கு. முல்லைத்தீவு உட்பட வடக்கில் வேலை இன்னும் முடியவில்லை. ஒப்பந்தத்தின்படி இலங்கைக்கு இருக்கிற காலக்கெடு 2028 ஜூன் 1. காலக்கெடு கிட்ட வர, காசும் குறைய, 'கெதியா முடியுங்க' எண்ட குரல் கூடும். கெதி கூடினால் முதலில் விடுபடப்போவது பின்னேரம் கவரைக் கழட்டிக் கழுவுகிற அந்தப் பத்து நிமிசம்தான் எண்டு எங்களுக்குப் பயம். அந்தப் பத்து நிமிசத்தின் விலை என்னவெண்டு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். திட்டம் போடுகிற மேசையில் இருக்கிறவர்களுக்கும் அது தெரிய வேணும்.

திரும்பி வரும்போது

புறப்படும்போது எங்களில் அந்தக் காணிக்காரப் பிள்ளை அக்காவிடம் நேராகவே கேட்டாள்: "எங்கட வட்டைக்குள்ள இப்ப இறங்கலாமா அக்கா? அம்மா நம்பமாட்டேங்கிறா."

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. எந்த வட்டை எண்டு கேட்டார். சொன்னதும், தன்னுடைய குழு அதுக்குப் பக்கத்து வட்டையில்தான் வேலை செய்தது எண்டார். பிறகு சொன்னார்: "நாங்க பாத்த இடத்தில நான் என்ர பிள்ளையக் கொண்டுபோய் விளையாட விடுவன். பாக்காத காட்டுக்குள்ள விடமாட்டன். அம்மா சொல்றதிலயும் பிழை இல்ல. ஏதும் கண்டா தொடாதீங்க, வந்த அடியிலயே திரும்பி வந்து பொலிசுக்கோ கிராமசேவகருக்கோ சொல்லுங்க."

மண்முனைப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டி நாங்கள் கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நிண்டோம். காணிக்காரப் பிள்ளை அம்மாவுக்குக் கோல் எடுத்தாள். கவர், சோதனைத் துண்டு, கழுவுறது எல்லாத்தையும் அவசர அவசரமாகச் சொன்னாள். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பிடியெண்டா ஒவ்வொரு நாளும் கழட்டிப் பாத்திருக்காங்க" எண்டாவாம். ஓம் எண்டதும், "அது நல்லம்" எண்டு சொல்லிட்டு, இருட்ட முதல் வீட்டுக்கு வரச் சொன்னா.

உங்கட வீட்டிலோ ஒழுங்கையிலோ இந்த வேலை செய்த ஒருவர் இருந்தால் போய்க் கதைச்சுப் பாருங்க. பயமா இருந்ததா எண்டு கேட்க வேணாம், அதை எல்லாரும் கேட்டிட்டாங்க. பின்னேரம் வேலை முடியக் கருவியை என்ன செய்வீங்க எண்டு கேளுங்க. சொல்லுறதை எழுதி வையுங்க.